நண்டு வலை போடாத இடம்

பிள்ளைகளா, வீட்டில் நண்டுக் குழம்பு வைக்கும் நாளில் நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவதைக் கேலி செய்கிறீர்கள். கடற்கரையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவருக்கு நண்டு பிடிக்காதா என்கிறீர்கள். பிடிக்கும். ஆனால் நண்டைப் பார்த்தால் எனக்கு ஓர் அண்ணன் முகம் வந்துவிடுகிறது. அவரைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் சேற்றில் வளர்ந்த எனக்கு, தெற்கே ஒரு மீனவ ஊரில் வேலை கிடைத்தது. சுண்ணாம்புக் காளவாய்க்கு வெட்டியது போக, விசைப்படகு வலைகள் இழுத்தது போக, அங்கே பவளப்பாறை கடலடியில் சிதைந்து கிடந்தது. உயிருள்ள துண்டுகளைப் பொறுக்கி, சிமெண்டுப் பலகையில் நைலான் நூலால் கட்டி, மறுபடி கடலடியில் வைக்க வேண்டும். பாறை வளர்ந்தால் மீனும் நண்டும் வந்து தங்கும் என்று ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். முக்குளிப்பது ஊர்க்காரர்கள். பலகை வார்ப்பதும், ஊரில் பேசிச் சம்மதம் வாங்குவதும் என் வேலை.

பலகை வைக்கத் தோதான இடம், இந்த அண்ணன் நண்டு வலை போட்டு வந்த இடம். கரைக்குப் பக்கம், ஆள் மட்ட ஆழம். மோட்டார் இல்லாத அவர் வள்ளத்துக்கு அதுதான் வயல். அங்கே வலை விழுந்தால் துண்டுகள் முறிந்துவிடும். இரண்டு வருஷம் மட்டும் விட்டுக்கொடுங்கள், பிறகு உங்களுக்குத்தான் லாபம் என்று நாலு முறை அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஐந்தாம் முறை, "சரி தம்பி, நீங்க சொல்றீங்க" என்றார்.

வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. குத்தகைதாரர் பெயரைப் பதியப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய வருஷம், மிராசுதார் அவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுத உங்கள் தாத்தாவிடம் இப்படித்தான் தன்மையாகப் பேசினார். ஒரு போகம் மட்டும் விட்டுக்கொடு என்றார். அப்புறம் வரப்பில் செங்கொடி ஏறியது, வழக்கு நடந்தது, ஆட்சிகள் மாறின. நிலம் மட்டும் வரவில்லை.

அதற்குள் முங்கப் பழகியிருந்த நானும் அண்ணனும் சேர்ந்தே பலகைகளை இறக்கினோம். துண்டுகளை நான் நெருக்கி நெருக்கி வைத்ததைப் பார்த்து, "தம்பி, இது குறுவை நடவு இல்ல, கொஞ்சம் எட்டி வைங்க" என்றார். தன் வலையைத் தொலைவில் கொண்டுபோய்ப் போட்டார். அங்கே முன்பே வலை போட்டு வந்தவர்கள் முறைத்தார்கள். அவர் மனைவி என் காதில் விழும்படியே சொல்வார்: "கல்லுக்குப் பாய் விரிச்சுப் படுக்க வச்சாச்சு. எங்க அடுப்புலதான் பூனை தூங்குது." அண்ணன் சிரித்துக்கொள்வார். துண்டுகள் விரல் நீளம் வளர்ந்தன. பொடி மீன்கள் வந்து சுற்றின.

இரண்டாம் வருஷம் சித்திரையில் கடல் வெந்நீராகக் கிடந்தது. ஒரு காலையில் முங்கிப் பார்த்தேன். பழுப்பாக இருந்ததெல்லாம் பளிச்சென்று வெளுத்திருந்தது. நெல் நிறம் மாறினால் அறுப்பு என்று பழகிய கண் எனக்கு. "அண்ணே, வெளஞ்சிருச்சு, வந்து பாருங்க" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டேன். அவர் முங்கினார். எழுந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சாவுது தம்பி."

ஆடிக்குள் வெள்ளையின் மேல் பாசி படிந்தது. திட்டம் முடிந்தது என்று கடிதமும் வந்தது. இனி அங்கேயே வலை போட்டுக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் சொல்லப் போனேன். வாய் கூசினாலும் சொல்லிவிட்டேன்.

"மூணு பலகையில இன்னும் உசுரு இருக்கு. வலையப் போட்டா அதுவும் போயிடும்" என்றார்.

"உங்க பொழப்பு?"

"ரெண்டு வருஷம் ஓடலையா? ஓடும்."

அலுத்த குரல். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. அவர் மனைவி என்னைச் சாப்பிடச் சொன்னார். தூரத்துக் கடலில் அன்றைக்குக் கிடைத்தது இரண்டே நண்டு. இரண்டையும் என் தட்டில் வைத்தார்.

யாரும் வலை போடாதிருக்க இடத்தைக் காட்டுவதற்காகக் கட்டிய மிதவைகளை எல்லாம் எடுத்து ஒப்படைத்துவிட்டு வரக் கடிதத்தில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை தெர்மாகோல் தெப்பத்தில் தனியாகப் போய், ஒவ்வொன்றாக அவிழ்த்து ஏற்றினேன். அந்த மூன்று பலகைகளுக்கு மேல் மிதந்த ஒன்றை மட்டும் அவிழ்க்கவில்லை. அதன் கயிறு நைந்திருந்தது. புதுக் கயிற்றோடு முங்கி, மாற்றிக் கட்டி, மேலே இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டுக் கரைக்கு வந்தேன்.