இரண்டாவது பிஸ்கட்

தாம்பரத்தில் மின்சார ரயிலேறி என் எதிரே உட்கார்ந்தவரின் சட்டையெல்லாம் மாவு. டிபன் டப்பாவைத் திறந்து பிஸ்கட் நீட்டினார்.

"பருப்பு மில்லுல உடைஞ்சு மாட்டுத் தீவனத்துக்குப் போற கடலை சார். அரைச்சு, தண்ணில கரைச்சு, புளிப்பு சேர்த்தா புரோட்டீன் அடில தங்கிடும். அதுல பண்ணது. ருசிச்சாத்தான் எங்க முதலாளி இந்த பிஸ்கட் யூனிட்ட மூடாம நடத்துவாரு."

தின்றேன். பச்சை வாசனை அடித்தது. "நல்லா இருக்கு சார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய் நல்லா இருக்குன்னுதான் சார் சொல்லும். கை ரெண்டாவதுக்கு வருதான்னு பார்ப்பேன்."

கூடுவாஞ்சேரியில் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். "பச்ச வாசன இன்னும் போவல" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

இப்போது யார் பலகாரம் நீட்டினாலும், பாராட்டுவதற்கு முன் என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.