கூழ் என்று எழுதியிருந்த டின்

ஆய்வகத்தை விட்டு வெளியே கொண்டு செல்லப்படும் எந்தக் கலத்தின் மீதும், உள்ளே இருப்பது இன்னதென்று, அது போய்ச் சேரும் ஊரில் எழுத்துக் கூட்டத் தெரிந்த எவருக்கும் விளங்கும்படி எழுதி ஒட்டப்பட வேண்டும். நல்ல விதி. பிற்காலத்தில் நானும் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் உட்கார்ந்து, இதைப் போன்ற விதிகளைப் பிறருக்கு எடுத்துக் காட்டித்தான் ஓய்வு பெற்றேன். விதியை மீறியவர்கள் பட்ட பாட்டைக் கோப்புக் கோப்பாகப் பார்த்திருக்கிறேன். விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்ததால் ஒரு தெருவே வெறும் சொம்போடு வீடு திரும்பியதை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

என் சித்தப்பா காகிதம் படித்துக்கொண்டிருந்தார். காஞ்சிபுரம் பக்கத்து எங்கள் ஐயம்பேட்டையில் இதைச் சொன்னால், "காகிதத்துல படிப்பாங்க தெரியும். காகிதத்தையேவா படிக்கிறாரு?" என்று கேட்டார்கள். வைக்கோல், வாழை மட்டை, கரும்புச் சக்கை என்று மரமல்லாத பொருள்களை வேகவைத்து, நாரைப் பிரித்து, கூழாக்கி, அதிலிருந்து தாளும் அட்டையும் செய்வதுதான் அவருடைய துறை. இப்போது அதே துறைக்கு உயிரிவளப் பொறியியல் என்று பெயர் மாற்றி, கட்டடத்துக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்கள். பாடம் பெரும்பாலும் அதேதான்.

அவருடைய ஆய்வுக்குக் காரணம் எங்கள் வீட்டுத் தறி. முந்தானையில் எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்பதைத் தறிக்கு மேலே தொங்குகிற ஓட்டை போட்ட அட்டைகள்தான் தீர்மானிக்கும். மழைக்காலத்தில் அந்த அட்டைகள் ஊதிப்போகும். ஓட்டை சுருங்கும். முந்தானையில் அன்னத்துக்குக் கழுத்து விட்டுப்போகும். கழுத்தில்லாத அன்னத்தைக் கடைக்காரர் வாங்கமாட்டார். மழைக்கு ஊதாத அட்டையைப் பக்கத்து ஊரான முசரவாக்கத்து வைக்கோலும் வாழை நாரும் கலந்து செய்து காட்டுகிறேன் என்று சித்தப்பா ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்துவிட்டார். தீபாவளி கழிந்து புறத்தேர்வாளர் வருவார். அவர் முன்னால் அட்டையை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பதிவு காலாவதி ஆகும், பட்டம் கிடையாது, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர் தறிக்குழியில் இறங்க வேண்டியதுதான்.

துறையில் வைக்கோலை வேகவைக்கும் அழுத்தக் கலன் ஒன்றே ஒன்று. ஒரு பருவத்துக்கு ஒரு மாணவருக்கு ஒரு முறை. சித்தப்பா தன் முறையில் வேகவைத்து, கழுவிக் கழுவிச் சோடாக் காரம் போக்கி, கூழை எடுத்துவிட்டார். தாள் வார்க்கும் இயந்திரம் மட்டும் பழுது. பழுது பார்க்க அனுமதி கேட்டுத் துறை எழுதியிருந்தது; அனுமதி எங்கோ நடந்து வந்துகொண்டிருந்தது. எனவே வீட்டில் வைத்துக் கைச்சட்டத்தில் அட்டை வார்த்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு பெரிய தகர டின்னில் கூழை நிரப்பி, மூடி, விதிப்படி தமிழில் பட்டை பட்டையாக எழுதி ஒட்டிக்கொண்டு, பேருந்தில் ஏறி, ஒரு சனிக்கிழமை இருட்டிய பிறகு சித்தப்பா வந்து சேர்ந்தார். டின்னைக் கூடத்து மூலையில் வைத்தார். சாப்பிட்டார். படுத்தார். விடிந்ததும் அட்டையில் ஓட்டை அடிப்பவரைப் பார்க்கப் பெரிய காஞ்சிபுரத்துக்குச் சைக்கிளில் போய்விட்டார்.

அது ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை என்பது விதியில் எங்கும் சொல்லப்படவில்லை.

ஆடி ஞாயிறு எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சித் தர, இளவட்டங்கள் தள்ளுவண்டியில் வந்து வாங்கிப்போய்க் கோயில் அண்டாவில் ஒன்றாக ஊற்றுவார்கள். அன்று காலை எங்கள் வீட்டுக் கூழ் அடிபிடித்துவிட்டது. மறுபடி காய்ச்ச வழியில்லை; முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தால்தான் அது கூழ். அம்மா கரிந்த பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"அக்கா, உங்க வூட்டு கூழ் ஒண்ணுதான் பாக்கி. அண்டா காத்துக்கினு இருக்குது!"

அம்மாவின் கண் கூடத்து மூலைக்குப் போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்ல. மாலையில் அவர் ராட்டையில் நூல் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் பாடம் படிப்பேன். எனக்கு வாத்தியார் விளையாட்டு பிடிக்கும், மாணவி வேண்டும், அம்மா எழுந்து போக முடியாத நிலையில் இருந்தார். இப்படியாக அவர் ககர வரிசை வரைக்கும் வந்திருந்தார். கூடை, கூடு, கூந்தல், கூழ். கடைசி எழுத்து அவருக்கு மிகவும் பிடித்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வாயில் வராத எழுத்தைத் தன் கண் பிடித்துவிட்டதில் ஒரு கர்வம்.

அம்மா டின்னின் அருகே குனிந்து, எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டினார். "கூ... ழ். கூழ்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரியா?"

நான் வாத்தியார் குரலில் சரி என்றேன். முழு மதிப்பெண்.

மூடியைத் திறந்தார். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். ஓரிரு நாள் மூடிக்கிடந்ததில் புளித்த வாடை. "உங்க சித்தப்பாவ பாரு," என்றார் அம்மா. "ஆத்தாளுக்குன்னு அங்கிருந்து பஸ்ல தூக்கினு வந்திருக்காரு. வாயத் தொறந்து சொன்னாரா?" வாடை கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் மூக்கு சொன்னதை எழுத்து சொன்னது வென்றுவிட்டது. படைப்பதற்கு முன் வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது. அது கோயில் விதி. அன்று எங்கள் வீட்டில் எல்லா விதிகளும் சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டன.

டின் வண்டியில் ஏறியது. அண்டாவில் கவிழ்ந்தது. கலக்கினார்கள். வேப்பிலை செருகி, பம்பை அடித்து, தீபாராதனை காட்டினார்கள். பூசாரி முதல் சொம்பை வாங்கிக் குடித்தார். குடித்தவர் மெல்லத் தொடங்கினார். மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு விரலை வாயில் விட்டு நீளமாக ஒன்றை உருவி எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாபா இது? கூழுக்குத் தாடி மொளச்சிருக்குது?"

"யாரு வூட்டு கேவுரு? சல்லடைய வித்துப்புட்டாளா?" என்று வரிசையில் ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தெருமுனையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. வீட்டுக்குப் போய் மூலையைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா வந்துகொண்டிருந்தார்.

"யாரும் குடிக்காதீங்க! அது கூழ் இல்ல! கூழ்தான். ஆனா கூழ் இல்ல!"

தன் ஆய்வைப் பற்றி அவர் சொன்ன விளக்கங்களில் இவ்வளவு துல்லியமானது வேறு இல்லை. தெருவுக்கு அது போதவில்லை. பேப்பர் செய்கிற கூழ், வைக்கோலை வேகவைத்தது, விஷமில்லை, நன்றாகக் கழுவியாகிவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னார். நம்பவைக்க ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அவரும் மென்றார்.

"அப்ப மாட்டுத் தீனிய ஆத்தாளுக்கு ஊத்திட்டீங்க!" என்றார் பூசாரி. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அம்மை போடுகிற மாதம். போன ஆடியில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். "யாரு ஊத்துனது? சொல்லுங்க, யாரு?"

அம்மா முன்னால் வந்தார். "நான்தான் குடுத்தேன். அதுல எழுதியிருந்துச்சு. கூழுன்னு எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன்."

வரிசையில் யாரோ, "இவ படிச்சாளாம்டி!" என்றார்கள். கோபம் போய், அதைவிட மோசமான சிரிப்பு வந்தது. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்று நான் கத்தினேன். சிரிப்பு இரண்டு மடங்கானது. கோயில் வேலையில் நின்றிருந்த அப்பா, வேப்பிலைத் தோரணத்தை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

சித்தப்பா அண்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு பருவம் அதில் மிதந்தது. நிமிர்ந்து, வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "எங்க அண்ணி படிச்சது சரி. அதுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு. தப்பா எழுதினவன் நான். என்னக் கேளுங்க."

படித்தவன் தானே தப்பை ஒத்துக்கொண்டதும் தெருவுக்குக் கேட்க ஒன்றுமில்லாமல் போனது. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுச் செலவில் முழு அண்டாக் கூழ் என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். அண்டாவில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாமா என்று சித்தப்பா கேட்டார். "எடுத்துனு போ. அண்டாவ வெளக்கிக் குடு."

வேட்டியில் வடிகட்டி, நாரையும் அதில் ஒட்டிய கேழ்வரகையும் சேர்த்தே எடுத்துவந்து, சட்டத்தில் வார்த்து, மாடியில் காயவைத்தார். அட்டை நன்றாகவே வந்தது. மாவு கஞ்சிபோல் ஏறியதில் விறைப்பு கூடி, தட்டினால் கதவைத் தட்டியதுபோல் கேட்டது. அப்பாவே, "பரவால்லபா, டொக்குன்னு இருக்குது" என்றார். எலிகளும் அதே முடிவுக்கு வந்தன. ஒரு வாரத்துக்குள் ஓட்டை அடிப்பவர் வீட்டில் வைத்திருந்த அட்டைகளில் அவர் அடிக்காத ஓட்டைகளே அதிகம்.

சித்தப்பா பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதினார். மாதிரி அழிந்துவிட்டது, மார்கழி முடியக் கால நீட்டிப்பு வேண்டும், அழுத்தக் கலனில் முறை கிடைக்காததால் வெளியே திறந்த அண்டாவில் வேகவைக்க அனுமதி வேண்டும். அழிந்த காரணம் என்ற இடத்தில் 'அம்மன் கோயிலில் வார்க்கப்பட்டது' என்று உண்மையை எழுதினார். முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், உண்மையை எழுதிய மனு ஒரு மேசையில் நின்றால் நின்றதுதான். தமிழில் வேறு எழுதிவிட்டார். தமிழில் வந்த மனுவுக்குத் தமிழிலேயே பதில் தர வேண்டும் என்பதால் தட்டச்சு செய்ய ஆள் தேடியிருப்பார்கள்.

அந்த ஆடிக்குப் பிறகு அம்மா என் பாடத்துக்கு உட்காரவில்லை. புத்தகத்தை விரித்தால், "கண்ணு எரியுது, நீயே படிச்சிக்கோ" என்பார். ராட்டை மட்டும் முன்பைவிட வேகமாகச் சுற்றியது. புகையினால் கண் எரிகிறது என்று நான் நம்பினேன். மாணவி போனதில் வருத்தம். விளையாட நேரம் கிடைத்ததில் மகிழ்ச்சி.

பதிலுக்குக் காத்திருந்தால் தீபாவளி வந்துவிடும். முன் அனுமதி இல்லாமல் செய்துவிட்டுப் பின்னேற்பு வாங்கிக்கொள்வது என்று அலுவலகங்களில் ஒரு வழி உண்டு. அந்தச் சொல் தெரியாமலே சித்தப்பா அதைச் செய்தார். பட்டுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் பழைய அண்டா ஒன்றைக் கேட்டு வாங்கி, முசரவாக்கத்திலிருந்து வைக்கோல் கொண்டுவந்து வேகவைத்தார். அம்மா யாரும் கூப்பிடாமலே போய் விறகு தள்ளினார், கழுவினார், கையால் நாரைப் பிரித்தார். அவருக்கு அது பிராயச்சித்தம் என்று வீட்டில் நினைத்தார்கள்.

புதுக் கூழை அதே டின்னில் நிரப்பியதும், சித்தப்பா ஒரு தாளையும் சாயத்தில் தோய்த்த குச்சியையும் அம்மாவிடம் நீட்டினார்.

"நீங்க எழுதுங்க அண்ணி."

"நானா? ஐயோ, ஊரே சிரிச்சிது போதாதா?"

"நான் எழுதினா ஊரு பட்டினி கெடக்குது. நீங்க எழுதிப் பாக்கலாம்."

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் ஆயிற்று. 'கூழ் இல்ல' என்று எழுதினார். கடைசி எழுத்து 'லை' என்று நான் திருத்தப் போனேன். சித்தப்பா என் தலையில் லேசாகத் தட்டி, தாளை அப்படியே ஒட்டினார். புறத்தேர்வாளர் வந்தபோதும் அது டின்னில் இருந்தது. அவர் அட்டையைத் தண்ணீரில் போட்டு எடுத்தார், அளந்தார், வளைத்தார், கையெழுத்துப் போட்டார். இது யார் கையெழுத்து என்று டின்னைக் காட்டிக் கேட்டாராம். என் உதவியாளர் என்று சித்தப்பா சொன்னாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா மறுபடி என் பாடத்துக்கு உட்கார்ந்தார்.

பல்கலைக்கழகத்தின் பதில் வந்தபோது வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். நான் கையை நீட்டினேன். அம்மா தரவில்லை. உறையைப் பிரித்து, நின்றபடியே, விரலை ஓட்டி, சத்தமாகப் படித்தார். பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது. மார்கழி முடியக் கால நீட்டிப்பு அளிக்கப்படுகிறது. இனி கலங்களின் மீது 'கூழ்' என்று மட்டும் எழுதாமல் 'காகிதக்கூழ், உண்ணத் தகாதது' என்று எழுதுமாறு அறிவுறுத்தப்படுகிறது.

'அறிவுறுத்தப்படுகிறது' என்பதில் மூன்று முறை தடுக்கினார். 'உண்ணத் தகாதது' ஒரே மூச்சில் வந்தது. அதை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டு, தாளை மடித்தார்.

"இத எழுதியிருந்தா, அதையும் படிச்சிருப்பேன்ல?"

சித்தப்பாவைக் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். முடிந்துபோன விஷயத்துக்கு இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்றும், இதற்குப் போய் ஏன் கண்ணைத் துடைக்கிறார் என்றும் எனக்கு விளங்கவில்லை. அடுப்பு அப்போது எரியக்கூட இல்லை.

அது தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை.