மகளின் துவக்குப் பெட்டகம்

இந்தக் கனடாவில் துவக்கை, அதுதான் துப்பாக்கியை, குளிர்காலச் சப்பாத்துக்கும் தூண்டிலுக்கும் நடுவில் வைத்து விற்கிறார்கள். முப்பது வருடமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், போன சனிக்கிழமைதான் அதைக் கண்ணால் கண்டேன். விட்பியில் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம் கார் ஓடி அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனவள் என் மகள் தரணி. வயது இருபத்தாறு. வேலைத்தலத்துச் சிநேகிதிகளோடு மான் வேட்டைக்குப் போகப்போகிறாளாம். பரீட்சை எழுதி லைசென்ஸும் எடுத்துவிட்டாள். துவக்கு வீட்டுக்கு வருமுன் அதைப் பூட்டிவைக்க ஒரு பெட்டகம் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் காரணம் கேட்பாளே!

கடைக்காரர், வெள்ளைத்தாடி மனிதர், பெட்டகக் கதவுகளைத் தட்டித் தட்டிக் காட்டினார். தகட்டின் தடிப்பு என்ன, நெருப்பை எவ்வளவு நேரம் தாங்கும், நிலத்தோடு எப்படி இறுக்குவது என்று விளக்கினார். "வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று என்னிடம் கேட்டார். "ஒருத்தி" என்று தரணியைக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊரில் எங்கள் வீட்டிலும் ஒருமுறை துவக்கு இருந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. யாரோ ஓடுகிற அவசரத்தில் எங்கள் விறகுக் குவியலுக்குள் செருகிவிட்டுப் போனது. அண்ணைதான் கண்டெடுத்தார். "ஒருதருக்கும் சொல்லாதை. நான் கொண்டுபோய் எங்கையெண்டாலும் எறியிறன்" என்று சொல்லித் திரும்பவும் விறகால் மூடினார். அவர் எறியுமுன் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு வந்துவிட்டது. சீருடைக்காரன் ஒருவன் என் தோளில் கைவைத்து, "தம்பி, துவக்கு எங்கே?" என்றான். சத்தியமாக நான் வாய் திறக்கவில்லை. என் கண் விறகுப் பக்கம் போனது. அவன் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணையைக் கொண்டுபோனார்கள். பிறகு அவர் வரவேயில்லை. "ஆர் காட்டிக் குடுத்தது?" என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தா. இதை இன்றுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பெட்டகம் வந்தது. பேஸ்மென்ற் சீமெந்தில் துளைபோட்டு இறுக்கினார்கள். இலக்கம் அழுத்தித் திறக்கிற பூட்டு. தரணி இலக்கத்தை அழுத்தும்போது நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

"அப்பா, பற்றறி செத்தால் திறக்கிறதுக்கு ஒரு எமர்ஜென்சி திறப்பும் தந்திருக்கினம். சாமிப்படத்துக்குப் பின்னாலை வைக்கட்டே?" என்றாள்.

எங்கள் வீட்டில் கார்த் திறப்பிலிருந்து அலுமாரித் திறப்புவரை எல்லாச் சாவியும் பிள்ளையார் படத்துக்குப் பின்னால்தான். ஊரிலும் அப்படித்தான். வந்துபோகிற சொந்தக்காரர் எல்லோருக்கும் அது தெரியும். பதிலுக்குக் காத்திராமல் அவள் பாதிப் படி ஏறிவிட்டாள்.

"அங்கை வையாதை!" என்று கத்திவிட்டேன்.

"வாட்ஸ் ரோங், அப்பா? ஏன் கத்துறீங்கள்?"

"எனக்குத் தெரியக்கூடாது, பிள்ளை. நான் பாக்காத இடமாப் பாத்து வை."

அவள் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "ஓ, யூ ஆர் ரைற். லைசென்ஸ் இல்லாத ஆக்களுக்குத் தெரியக்கூடாது. கடைக்காரரும் சொன்னவர். ரூல்ஸிலை நீங்கள் சரியான ஸ்ரிக்ற், அப்பா."

ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? இது கனடா, அண்ணைக்கு நடந்தது இவளுக்கு நடக்காது என்று புத்திக்குத் தெரியும். என் கண்ணை நான் எப்படி நம்புவேன்?

மேலே ஏதோ இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. எந்த அறை என்று காது பிடித்துவிடுமோ என்ற பயத்தில் ஓடிப்போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். அவள் இறங்கி வரும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

விட்டுவந்த அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். வியர்வை சிந்தி வாங்கிய இந்த வீட்டில் எனக்குத் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. யாராவது வந்து தோளில் கைவைத்துத் திறப்பு எங்கே என்று கேட்டால், என் கண்ணுக்குப் போக இடமில்லை.