ஒற்றை ஸ்பீக்கர்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘டமடம’ என்றுதான் கூப்பிடுவார்கள். ராட்சத இயந்திரங்கள் சுற்றும் சத்தத்துக்கு மடிப்பு மேசையில் விரலால் தாளம் போடுகிறவள். வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளத்தைக் கணினியில் ஏற்றி, சிந்தசைசர் சேர்த்து, நடனக் கூடங்களுக்கு இசை செய்து அனுப்புவாள்.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இடது காதை மொத்தமாக வாரிக்கொண்டு போனது. இனித் திரும்பாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். வீடு திரும்பியபோது இசைச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அக்காவின் கைவரிசை.

“காதே போச்சு, இன்னும் என்னடி டமடம? யாராவது கேட்டா குடுத்துரலாம்.”

“போனது ஒண்ணு. இன்னொண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கு” என்றவள், பெட்டிகளைக் கிழித்துக் கயிற்றை அக்கா கையிலேயே திணித்தாள்.

ஆனால் பழைய ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தால் பாதி இசை எங்கோ ஒளிந்துகொண்டது. திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஸ்டூடியோக்காரர்கள் வாங்கும் உயர்ரக ஸ்பீக்கரையே வாங்குவது என்று கணவனோடு கடைக்குக் கிளம்பினாள்.

விற்பனையாளர் கணவனைப் பார்த்தே பேசினார். “வீட்டு ஹாலுக்கா சார்?”

“நான் பஸ் டிரைவர். எனக்கு ஹாரன் மட்டும்தான் தெரியும். அவங்களக் கேளுங்க.”

கேட்டுப் பார்ப்பதற்கான பஞ்சுச் சுவர் அறையில் அவள் தன் பாட்டைப் போடச் சொன்னாள். “இடது பக்கத்த நிறுத்திட்டு, எல்லாத்தையும் ஒண்ணுலயே விடுங்க.”

முதல் இரண்டு ஸ்பீக்கர்களிலும் பாட்டு தேனாக இருந்தது. மூன்றாவதில் நாராசம். டிரம்மும் கீழ்ஸ்தாயி ஸ்வரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்தன. இரண்டு காதும் இருந்த காலத்திலேயே அவள் கவனிக்காத கோளாறு.

“அதுங்க ரெண்டும் எனக்குக் கூஜா தூக்குது. இதுதான் மூஞ்சிக்கு நேரா சொல்லுது. இதுல ஒண்ணு குடுங்க.”

“ஜோடியாத்தான் மேடம் குடுப்போம். ஒத்தையா யாரும் வாங்க மாட்டாங்க.”

“நான் வாங்குறேன்.”

“ரெண்டையும் வாங்கிட்டுப் போயிடலாமே” என்று கணவன் கிசுகிசுத்தான்.

“இன்னொண்ணு மூலையில உக்காந்து என்னயப் பரிதாபமா பாக்கறதுக்கா?”

முதலாளியம்மா வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வந்தவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “கம்பெனில ஒத்தையாவும் அனுப்புவாங்கம்மா. இதுவரைக்கும் யாரும் கேக்கலை, அவ்வளவுதான்.”

அந்த ஒற்றை ஸ்பீக்கரின் முன் உட்கார்ந்து பாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பக் கட்டினாள். ஞாயிறு மதிய நடனத்துக்கு அதை எடுத்துப் போனபோது, கூடத்தின் ஒலிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்குதே?”

“ஆமா. அந்த மூலையில ஆடறவங்களுக்கும் இந்த மூலையில ஆடறவங்களுக்கும் ஒரே பாட்டுதான். போடுங்க.”

தரை அதிர்ந்தது. சுவரோரம் நின்றவர்கள்கூட உள்ளே இறங்கினார்கள். வேண்டாவெறுப்பாக வந்திருந்த அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, “தலை வெடிக்குதுடி, கொஞ்சம் குறை” என்று கத்தினாள்.

டமடம இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள். அக்கா முறைத்துக்கொண்டே போய் வாசலருகே நின்றாள். கடைசிப் பாட்டு முடியும்வரை வீட்டுக்குப் போகவில்லை.