தேதி அத்தானும் ஒன்பது வருடத் தக்காளி விதையும்

என் அக்காவின் கணவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தேதி அத்தான். மருந்துக்கடையில் முப்பது வருடமாக வேலை. மாதத்தின் முதல் நாள் அலமாரி அலமாரியாக ஏறி இறங்கி, காலாவதியான மாத்திரைகளைப் பொறுக்கித் தனிப்பெட்டியில் போடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. வீட்டிலும் அதே கதைதான். மிளகாய்த்தூள் டப்பா, பல் துலக்கும் பிரஷ், கடிகார பேட்டரி என்று எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கரில் தேதி இருக்கும். துடைப்பத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. "என் நெத்தியில மட்டும்தான் இன்னும் எழுதல" என்பாள் அக்கா.

அக்கா தையல்காரி. ஒன்பது வருடம் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் பட்டப்பகலிலும் டியூப் லைட் எரியவேண்டும். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். அங்கே குடிபோன முதல் வாரம் சாப்பிட்ட ஒரு தக்காளி அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. விதையைக் காயவைத்து, காகிதத்தில் மடித்து, பித்தான் டப்பாவில் பத்திரப்படுத்தினாள். காகிதத்தின்மேல் தேதி கிடையாது. 'மெல்லிசுத் தோல். நல்லா இனிச்சது.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள். வெயில் வருகிற வீடு கிடைத்ததும் விதைக்கவேண்டும் என்பது திட்டம். போன வருடம்தான் அப்படியொரு வீடு கிடைத்தது. சின்ன பால்கனி, ஆனால் காலை வெயில் தாராளம்.

அத்தான் அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா? இது எங்க முளைக்கப் போகுது? புதுசா ஒரு பாக்கெட் வாங்கிக்கலாம்."

"இது முளைக்கலன்னா, ஒன்பது வருஷமா நான் குப்பையைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன்னு அர்த்தம்" என்றாள் அக்கா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அத்தான் கறாரான ஆள்தான், கல்மனசுக்காரர் இல்லை. மறுநாளே காகிதத்தில் இருந்த இருபது விதைகளையும் எண்ணி, ஈர டிஷ்யூ காகிதத்தில் பரப்பி, டப்பாவில் மூடி வைத்தார். மூடிமேல் தேதி, கேட்கவா வேண்டும்! தினமும் கடைக்குக் கிளம்புமுன் சொட்டு மருந்துக் குழாயால் தண்ணீர் விட்டார். அக்கா நாளுக்கு மூன்று தடவை திறந்து பார்த்தாள். எட்டு நாள் ஆயிற்று, ஒன்றும் அசையவில்லை. ஒன்பதாம் நாள் அவள் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

அதை அவரால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு நாள் தேதி தாண்டிய இருமல் மருந்தைச் சொந்தத் தம்பிக்கே கொடுக்க மறுத்த மனிதர், பத்தாம் நாள் அந்த இருபது விதைகளையும் டிஷ்யூ காகிதத்தோடு உர வாளியில் போட்டுவிட்டார். சமையலறைக் கழிவை மக்கவைக்க பால்கனியில் வைத்திருந்த வாளி அது. டப்பாவில் புது டிஷ்யூ விரித்து, கடையில் வாங்கிய விதைகளை வைத்தார். கடை விதைக்குப் பூச்சி அரிக்காமலிருக்க ரோஸ் நிற மருந்து பூசியிருப்பார்கள். அதையும் குழாயடியில் கழுவினார். பொய் சொல்லிப் பழக்கமில்லை பாருங்கள், சரியாகக் கழுவத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் அங்கே இருந்தேன். அக்காவுக்கு என்ன தோன்றியதோ, டப்பாவைத் திறந்தாள். வெள்ளைக் காகிதம் லேசாக ரோஸ் அடித்திருந்தது. வருடக்கணக்காகத் துணிக்கு நூல் பொருத்திப் பார்த்த கண்ணிடம் நிறம் தப்புமா?

"இது யாரோட விதைங்க?"

அத்தான் திருதிருவென்று விழித்தார். "பத்து நாள்ல முளைக்கும்னு பாக்கெட்ல போட்டிருக்கு. உன்னோடது முளைக்கல. நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா, எனக்கு மனசு கேக்கல..."

"என்னோடது எங்க?"

அவர் வாளியைக் காட்டினார்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கிளறினோம். வெங்காயச் சருகு, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை. அத்தான்தான் அந்தக் காகிதத்தைக் கண்டுபிடித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தொன்பது விதைகள் போட்டது போட்டபடி கிடந்தன. ஒன்றில் மட்டும் நூல்முனை அளவுக்கு வெள்ளையாக வேர்.

"முளைச்சிருக்கு" என்றார். அப்புறம் மெல்ல, "ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம் நான்."

அக்கா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் அழுக்குக் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, அவளைத் தொடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது பால்கனியில் எட்டுத் தொட்டிகள். கடை விதை போட்ட ஏழிலும் விதைத்த தேதி இருக்கிறது. எட்டாவதில் தேதி இல்லை. அத்தானின் கறுப்பு மார்க்கரில், அத்தானின் குண்டு குண்டான கையெழுத்தில், 'மெல்லிசுத் தோல். நல்லா இனிச்சது' என்று மட்டும் எழுதியிருக்கிறது.