கண்ணாடியில் சாய்த்த தொலைபேசி

டோர்செட் பார்க்கில் ஒரு தமிழ்ச் சலூன். வெளியே பனி கொட்டுகிறது. முடிவெட்ட என் முறைக்காகக் காத்திருக்கிறேன். நாற்காலியில் இருப்பவர் ஸ்பெயின்காரர். அரங்கில் காளையோடு மோதுவது அவர்களின் பரம்பரைத் தொழிலாம். சொல்வது என் பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி வாணி. அவளுக்கு இது நிறைமாதம்.

அவர் கழுத்தில் கொம்பு கிழித்த தழும்பு. பிடரியில் எலிவால்போல ஒரு குடுமி. சலூன்காரர் அதையும் சேர்த்துக் கத்தரிக்கப் போகிறார். வாணி எழும்பிப்போய் அவர் கையைப் பிடிக்கிறாள்.

“அண்ணை, உந்தக் குடுமியைத் தொடாதேங்கோ. இனி அரங்கில இறங்கிறேல்லை எண்டு முடிவெடுத்தால்தான் உதை வெட்டுறது. வீட்டு ஆக்கள்தான் வெட்டவேணும்.”

“அப்ப ஆர் வெட்டுறது, பிள்ளை?”

“இவர் முடிவெடுத்திட்டார். இவரின்ர அப்பாதான் வெட்டவேணும். அவர் ஸ்பெயினில. அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் வெட்டுறன்.”

தொலைபேசியைக் கண்ணாடியில் சாய்த்து வைக்கிறாள். திரையில் ஒரு கிழவர். அவரும் காளைகளோடு நின்றவர்தான். முகத்தில் அசைவே இல்லை. கோபம் என்றே நினைக்கிறேன்.

வாணி கத்தரிக்கிறாள். குடுமி அவள் உள்ளங்கையில் விழுகிறது. கிழவர் கரகரத்த குரலில் ஏதோ சொல்கிறார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறார்.

“என்னவாம்?” என்று வாணியைக் கேட்கிறார் சலூன்காரர்.

“பேரப்பிள்ளைக்கு, மாடு எண்டால் பால் தாறது எண்டு மட்டும் சொல்லிக் குடுக்கட்டாம்.”