ஸ்பீக்கரில் வந்த நற்சான்றிதழ்

போன வாரம் வடலூருக்கு ஓர் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். ஐம்பது தாண்டிய பிறகு இன்டர்வியூ என்பது இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போவது மாதிரி. தொப்பையை உள்ளே இழுத்துப் பிடிப்பதிலேயே பாதித் தெம்பு போய்விடுகிறது. 'முதல் கல்யாணம் என்ன ஆச்சு?' என்று எப்போது கேட்பார்களோ என்ற பயத்தில் மீதி.

என் கதை இதுதான். மந்தாரக்குப்பத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். (பத்திரிகையில் பத்தி எழுதி யாராவது குடும்பம் நடத்த முடியுமா என்ன?) சென்ற வருடம் ஸ்டோரிலிருந்து காப்பர் கேபிள் காணாமல் போனது. நான்தான் எடுத்தேன் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டேன். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் எந்தக் கான்ட்ராக்டரும் என்னை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கேபிள் திருடியவனைக்கூட மன்னிப்பார்கள் போல... கேஸ் போட்டவனை?

குடும்பம் இப்போது என் மனைவியின் தையல் மெஷினில் ஓடுகிறது.

எங்கள் பக்கத்தில் சர்டிபிகேட்டையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பழைய முதலாளிக்கு ஒரு போன் – வந்தவனை எதிரிலேயே உட்கார வைத்துக்கொண்டு! அதுதான் இன்டர்வியூ.

வடலூர்க்காரர் கன்வேயர் ரோலர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். "இருங்க சார், ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று செல்போனை மேஜைமேல் வைத்தார். ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணே, உங்க பழைய ஸ்டோர் கீப்பரு வேலை கேட்டு வந்துகிறாரு. ஆளு எப்படி?"

"அவனா? கை சுத்தம்பா. ஒரு நட்டு வெளிய போவாது. கேபிளை எடுத்துகினு போனது என் மச்சான். ஊட்டுல சண்டை வராம இருக்க யாரையாவது காட்டணும்ல? அதுக்குப் போயி கோர்ட்டுல என் மானத்தை வாங்கிகினு இருக்கான். சேத்துக்காத!"

போன் கட்டானது.

"சார்... இதைக் கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?" என்றேன்.

"எதை?"

"இப்ப கேட்டதைத்தான்."

"அவரு குடுக்கிற ஆர்டர்லதான் சார் என் பட்டறை ஓடுது. சாட்சி வேணும்னா இப்பவே கிளம்புங்க. வேலை வேணும்னா திங்கக்கிழமை வாங்க, அவருக்குத் தெரியாம பாத்துக்கலாம். கை சுத்தமான ஆளு எனக்கும் வேணும்ல?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வேலை கிடைத்ததை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நெஜமாவே கை சுத்தம்னாரா?"

"ஆமாம்."

"அவரு வாயாலயா? அதே வார்த்தையாங்க?"

"அதே வார்த்தை."

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இத்தனை மாதத்தில் ஒரு நாளும் அவள் என்னிடம் 'எடுத்தீங்களா?' என்று கேட்டதில்லை. அதை நம்பிக்கை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பயம் போலிருக்கிறது!

திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். கேஸை வாபஸ் வாங்குவதாக இல்லை. வேறு சாட்சி தேட வேண்டும். புது முதலாளிக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இல்லை என்றுதான் சொன்னார்கள்...